பச்சை டேங்கில் கை வைக்காதீர்கள்

போன வாரம் ஷெட்டுக்கு வந்தபோது நான் போட்ட சத்தத்தில் பக்கத்து லேத் பட்டறைக்காரர் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். எஞ்சின் வேலைக்கு வந்து நிற்கிறதே ஒரு பழைய பச்சை வண்டி, அதன் பெட்ரோல் டேங்கில் சீட்டை ஒட்டி, இடது பக்கம், உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடம் மட்டும் மின்னுகிறது. மற்றதெல்லாம் சாடின், பளபளக்காத பூச்சு. உங்களில் ஒருவர் தேய்க்கிற வாட்டர் பேப்பரும் கையுமாக அந்த இடத்தில் குனிந்தார். நான் பாய்ந்துவிட்டேன். அவர் மேல் தப்பே இல்லை. பெயின்டர் கண்ணுக்கு அது குறை, குறையைக் கண்டால் கை சும்மா இருக்காது. காரணம் சொல்லாமல் திட்டிவிட்டுப் போய்விட்டேன் என்று ஷெட் முதலாளி அன்சார் பாய் ஃபோனில் வருத்தப்பட்டார். பேசினால் மறுபடியும் கத்துவேன் என்பதால் எழுதி அனுப்புகிறேன்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு என்னைத் தெரியாது. என் பெயர் ஸ்டெல்லா. பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையின் பெயின்ட் ஷாப்பில் ஆரம்பித்து, பிறகு இதே ஷெட்டில், நெஞ்சு ஒத்துழைத்த வரைக்கும் ஸ்பிரே கன் பிடித்தவள். மாஸ்க் போடச் சொன்னால் முகத்தைச் சுளிக்கிறீர்கள். என் இருமலை ஒரு ராத்திரி கேட்டால் சாப்பிடும்போதும் கழற்ற மாட்டீர்கள். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் பயந்தாங்கொள்ளி. ஒவ்வொரு வண்டிக்கும் கன்னைக் கையில் எடுக்கும்போது கெட்டுப்போகுமோ என்ற பயம்தான். அது வெளியே தெரியாமலிருக்கத்தான் இவ்வளவு சத்தம்.

அந்தப் பச்சை வண்டி குமரேசனுடையது. எலெக்ட்ரானிக் சிட்டிக்கு மேலே பாலம் வருவதற்கு முன்பு, ஓசூர் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே எல்லாரும் தரையிலேயே உருண்டுகொண்டிருந்த காலம். குமரேசன் கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர். பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியின் டூல் ரூமில் வேலை. கல்யாணத்துக்கு முன்பே அந்த வண்டியை இரும்புக்கடையிலிருந்து எலும்புக்கூடாக வாங்கி, வேண்டிய பாகங்களைத் தானே கடைந்து போட்டு ஓட வைத்தவர். வேலைக்குக் கம்பெனி பஸ் இருந்தது. ஞாயிற்றுக்கிழமையானால் மனைவி ரேவதியை ஏற்றிக்கொண்டு ஏதாவது ஓர் ஏரிக்கரை, ஏதாவது ஒரு கோயில் என்று கிளம்பிவிடுவார். வண்டி அதற்குத்தான்.

ஒரு நாள் டூல் ரூமில் கிரைண்டிங் சக்கரத்திலிருந்து தெறித்த துணுக்கு அவருடைய இடது கண்ணில் பட்டது. ஆபரேஷன் செய்தார்கள். பார்வை திரும்பியது, வண்டி ஓட்டலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். ஆனால் பளபளப்பான எதிலாவது வெயில் பட்டுத் திரும்பி அடித்தால் அந்தக் கண் தானாக இறுகிக்கொள்ளும், கூடவே மற்றதும் மூடிக்கொள்ளும். கறுப்புக் கண்ணாடி போட்டால் நிழலில் இருக்கும் பள்ளம் தெரியவில்லை. அப்படி ஒரு உச்சி வெயிலில், பின்னால் ரேவதி உட்கார்ந்திருக்க, டேங்கில் பட்ட வெளிச்சம் முகத்தில் அடித்து, வண்டி ஒரு லாரியின் பின் சக்கரத்தை நோக்கிப் போய்விட்டது. ரேவதி போட்ட கூச்சலில்தான் இருவரும் பிழைத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் வண்டியை விற்றுவிடலாம் என்று அவள் சொல்லிவிட்டாள். வாங்கிக்கொள்ள ஓசூரில் அவள் அக்காள் வீட்டுக்காரர் தயாராக இருந்தார்.

குமரேசன் நேரே எங்களிடம் வந்தார். டேங்க், ஹெட்லைட் கூடு, ஹேண்டில், மீட்டர் வளையம், அவர் கண்ணில் படுகிற எதுவும் மின்னக் கூடாது. குரோம் இருக்கிற இடமெல்லாம் மறைய வேண்டும்.

"டேங்குக்கு ஒரு துணி உறை தைச்சுப் போட்டுக்கோங்களேன்" என்றேன்.

"போட்டுப் பாத்தேன்க்கா. காத்துல படபடன்னு அடிச்சிக்குது. ரெக்ஸின் போட்டா அதுவே மின்னுது." டேங்க் மூடியைத் திருகிக்கொண்டே சொன்னார். "வண்டி போனா போவுதுக்கா. ஆனா ஆஸ்பத்திரிலேர்ந்து வந்ததுலேர்ந்து எல்லாரும் என் மூஞ்சியப் பாத்துப் பேசல, கண்ணப் பாத்துப் பேசுறாங்க. ரேவதியும்தான். வித்துட்டா கடைசி வரைக்கும் அப்படியேதான் பாப்பாங்க."

புருஷனும் பெண்டாட்டியும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்திருந்தார்கள். ஆயுத பூஜை அன்று, வெயில் உச்சியில் இருக்கும் நேரத்தில், எங்கள் ஷெட்டிலிருந்து ஓசூர் ரோட்டில் அத்திபெலே வரைக்கும் போய்த் திரும்ப வேண்டும். ரேவதி பின்னால் உட்காருவாள். அவர் கண் ஒரு தடவை மூடிக்கொண்டாலும் வண்டி அன்றைக்கே ஓசூருக்குப் போய்விடும். இதைக் கேட்டதும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. பெயின்ட் அடிப்பதற்கே பயப்படுகிறவள் கையில் ஒரு மனுஷனின் ஞாயிற்றுக்கிழமைகளைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்கள்.

மினுக்கே இல்லாத முழு மேட் அடித்திருக்கலாமே என்பீர்கள். முழு மேட்டில் முழங்கால் உரசுகிற இடம் சீக்கிரமே மின்ன ஆரம்பித்துவிடும், பெட்ரோல் ஒரு சொட்டு சிந்தினாலும் கறை. சாடின் நடுவாந்திரம். முட்டை ஓட்டின் மேல் விழுவது போல வெளிச்சம் பரவி அடங்கும், குத்தாது. ஆனால் உங்களுக்குத் தெரிந்ததுதான், பளபளக்கும் பெயின்டில் தூசி விழுந்தால், வழிந்தால், காய்ந்த பிறகு தேய்த்துப் பாலிஷ் போட்டு மறைத்துக்கொள்ளலாம். சாடினில் அந்த வழி அடைத்தாயிற்று. தேய்த்தால் மின்னும். கன்னிலிருந்து எப்படி வந்து உட்கார்ந்ததோ அப்படியேதான்.

அந்த வருஷம் பூஜைக்கு முந்தின வாரம் முழுக்க மழை. ஈரக்காற்றில் கலருக்கு மேலே போடும் கிளியரை அடித்தால் பால் ஊற்றியது போல வெளுத்துவிடும். இன்றைக்கு வேண்டாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று நான் தள்ளிக்கொண்டே போனேன். அன்சார் பாய் வாசலில் நின்று வானத்தைத் திட்டிக்கொண்டிருந்தார். ஒரு மத்தியானம் வெயில் வந்தது. எல்லா பாகங்களையும் ஒரே தடவையில், ஒரே கலவையில் அடித்தாக வேண்டும். டேங்குக்கு ஒன்று, ஹெட்லைட்டுக்கு ஒன்று என்று கலந்தால் ஒன்று மாமியார், ஒன்று மருமகள் என்று தனித்தனி முகமாக நிற்கும். டப்பாவின் அடியில் படிந்திருந்த, பளபளப்பை அடக்குகிற மேட் பொடியைப் பொறுமையாகக் கிளறி எடுத்து, கலந்து, பிரார்த்தனை செய்துவிட்டு அடித்தேன்.

கடைசிக் கோட் முடிந்து மாஸ்க்கைக் கழற்றினால், தகரக் கூரையில் தூறல் சத்தம் கேட்கிறது. டேங்க் கண்ணாடி மாதிரி மின்னிக்கொண்டிருக்கிறது. ஈரமாக இருக்கும்போது எந்த சாடினும் மின்னத்தான் செய்யும், காயக் காயத்தான் அடங்கும். இது எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்?

"அரே அக்கா, என் மூஞ்சி தெரியுதே இதுல!" என்றார் பாய். "மேட் கம்மியாயிடுச்சு. இன்னும் ஒரு கை மேட் சேத்து மேலயே அடிச்சிடு."

"கொஞ்சம் பொறுங்க பாய்."

"பொறுக்கறதுக்கு டைம் எங்க? மழை வந்துடுச்சு பாரு. ஹாலஜன் லைட்ட கிட்ட கொண்டாந்து வைக்கிறேன், சூட்டுல காஞ்சிடும்."

"வெச்சீங்கன்னா வெளிச்சம் பட்ட பக்கம் ஒரு மாதிரி, படாத பக்கம் ஒரு மாதிரி ஆவும். நக்கோ பாய், நக்கோ."

என்னைப் பொறுத்தவரை 'வேண்டாம்' என்பதை அவர் பாஷையில் சொன்னால்தான் அவர் காதில் ஏறும். அவர் லைட்டைக் கீழே வைத்தார். நான் கன்னைக் கொக்கியில் மாட்டிவிட்டு இரண்டு கைகளையும் ஏப்ரன் பைக்குள் விட்டுக்கொண்டேன். வெளியே விட்டால் அவை ஏதாவது செய்துவிடும். பெயின்ட் ஷாப்பில் எனக்கு மேலே ஒரு சூப்பர்வைசர் இருந்தார், பெயர் வேண்டாம். என்னைவிடச் சின்னவர், சதா சிடுசிடுப்பார். "பயம் வந்தா கை வேலை கேக்கும், குடுக்காதே" என்று அவர் ஒரு தடவை எரிந்து விழுந்தது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அவரைத் திட்டிக்கொண்டே நின்றிருந்தேன்.

மட்கார்டின் ஓரத்தில்தான் பளபளப்பு முதலில் அடங்கியது. பிறகு ஹேண்டில். டேங்க் மட்டும் பிடிவாதமாக மின்னிக்கொண்டிருந்தது. பாய் வெளியே போய்ப் பார்ப்பதும் உள்ளே வந்து பார்ப்பதுமாக இருந்தார். பிறகு விளிம்பிலிருந்து அந்தப் பளபளப்பு மெதுவாக நடுப்பக்கம் ஒதுங்கி, சுருங்கி, மூடியைச் சுற்றி ஒரு வளையமாக நின்று, போய்விட்டது. எங்கேயும் வெளுக்கவில்லை. ஒரு தூசி இல்லை. பாய் போய் டீ வாங்கிக்கொண்டு வந்தார். நான் டீயைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில் இல்லை, பயம் இறங்கிய களைப்பில்.

இத்தோடு முடிந்திருந்தால் உங்களுக்குச் சொல்ல இது ஒரு சாதாரணக் கதை.

ஆயுத பூஜை அன்று நம் ஷெட் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வாசலில் வாழைக்கன்று, கம்ப்ரஸருக்கு சாமந்திப்பூ மாலை, வைஸுக்கும் டிரில்லுக்கும் சந்தனப் பொட்டு, ஒரு மூலையில் பொரி மூட்டை. பாய்தான் முன்னால் நின்று எல்லாவற்றையும் செய்வார், பூ கட்டுவது நான். வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் நான் கெஞ்சாத குறை. பச்சை வண்டிக்குப் பொட்டு வைப்பதானால் டயரில் வையுங்கள், எஞ்சினில் வையுங்கள், டேங்க் பக்கம் மட்டும் போகாதீர்கள். மஞ்சளும் குங்குமமும் சாடினில் ஏறினால் இறங்காது. எல்லாரும் கேட்டுக்கொண்டார்கள். லேத் பட்டறைக்காரர் மட்டும், "ஏனக்கா, இன்னூ பாலிஷ் ஆகில்வா?" என்று கன்னடத்தில் கேட்டுவிட்டுப் போனார். பாலிஷ் போடாத வண்டி என்றே அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

ரேவதி குமரேசனுக்கு முன்னாலேயே பஸ்ஸில் வந்துவிட்டாள். புதுப் புடவை, கையில் ஒரு பை. அவள் முகத்தைப் பார்த்து என்னால் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. வாசலில் பூசணிக்காய் உடைக்கிற இடத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லலாம், சிதறினால் வண்டியில் தெறிக்கும் என்று நான் வெளியே போனேன். திரும்பி வந்தபோது அவள் டேங்க் பக்கமாகக் குனிந்திருந்தாள். கையில் பனியன் துணி. சீட்டின் மேல் கார் பாலிஷ் டப்பா திறந்திருந்தது. முழு பலத்தையும் கொடுத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் நிமிர்ந்து சிரித்தாள்.

"பூஜை நாளும் அதுவுமா இப்படி மங்கலா நிக்குதேன்னு இருந்துச்சுக்கா. நேத்தே அத்திபெலேல இந்த டப்பா வாங்கினேன். வண்டி வேணாம் வேணாம்னு நாந்தானே அவர அந்தப் பாடு படுத்தினேன். இன்னிக்கு என் கையால தொடச்சு வெச்சா, எனக்குச் சம்மதம்னு அவருக்குப் புரியும்ல?"

அவள் தேய்த்த இடம் உள்ளங்கை அகலத்துக்கு மின்னியது. சீட்டை ஒட்டி, இடது பக்கம், ஓட்டுகிறவர் கண் தாழ்ந்தால் நேராக விழுகிற இடம். ஒரு வாரம் கூட ஆகாத பெயின்ட், இன்னும் பிஞ்சு. மெழுகாக இருந்தால் துடைத்துவிடலாம். இது மேற்பரப்பே தேய்ந்து வழவழப்பானது, திரும்ப வராது.

இதற்குள் பாய் தின்னர் நனைத்த துணியோடு ஓடி வந்தார். "தள்ளு அக்கா, ஒரே இழுப்புல எடுத்துடறேன்."

நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். தின்னர் பட்டால் அந்த இடம் இளகிக் குழையும். ஸ்கிராட்ச் பேட் போட்டுத் தேய்த்தால் கோடு விழும். டேங்கை மட்டும் மறுபடி அடிக்கலாம் என்றால் மற்ற பாகங்களோடு சேராது, அதற்கு இன்றைக்கு நேரமும் இல்லை. என்ன செய்தாலும் உள்ளங்கை அகலம் ஒரு தட்டு அகலம் ஆகிவிடும். பைக்குள் கையை விட்டுக்கொண்டு நிற்கிற வித்தை மறுபடியும் தேவைப்பட்டது. இந்தத் தடவை பாயின் கையையும் சேர்த்து.

அதைவிடக் கஷ்டமான விஷயம் ஒன்று பாக்கி இருந்தது. ரேவதியிடம் சொல்வதா, வேண்டாமா? சொல்லாவிட்டால் பூஜை நல்லபடியாக முடியும். அவள் பின்னால் ஏறி உட்காருவாள், லாரிகளுக்கு நடுவே எங்கேயாவது அந்த இடத்தில் வெயில் அடிக்கும். சொன்னால், சம்மதம் என்று வந்தவளின் கையாலேயே அது கெட்டது என்று அவள் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும். வாய்க்கு வந்தபடி எல்லாரையும் திட்டுகிற எனக்கு அன்றைக்கு வாய் வரவில்லை. ஆனாலும் சொன்னேன். மின்னாமல் இருக்கத்தான் இந்தப் பெயின்ட், நீ தேய்த்த இடம் இனிமேல் மின்னும், அதைத் திருத்த இன்றைக்கு என்னால் முடியாது.

அவள் கையிலிருந்த துணி கீழே விழுந்தது. "மங்கலா இருக்கறதே அவருக்காகத்தானா?" என்றாள். "எனக்கு யாரும் சொல்லலியேக்கா. அவரும் சொல்லல. வேற கலர் அடிக்கக் குடுத்திருக்கேன்னுதான் சொன்னார்."

அப்போதுதான் குமரேசன் வந்தார். நாங்கள் மூவரும் நின்ற நிலையைப் பார்த்தார், டேங்கைப் பார்த்தார். யார் என்று அவர் கேட்பதற்கு முன்பே ரேவதி, "நாந்தான்" என்றாள். அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வெயிலுக்குப் போனார். ஏறி உட்கார்ந்து ஹேண்டிலைப் பிடித்தார். ஹெட்லைட், மீட்டர், டேங்கின் முன்பக்கம், எதுவும் அவரைத் தொந்தரவு செய்யவில்லை. முகம் தெளிந்துகொண்டே வந்தது. பிறகு பார்வை கொஞ்சம் தாழ்ந்தது. அந்த இடம் பளிச்சென்றது. இரண்டு கண்களும் இறுக மூடிக்கொண்டன.

ஒப்பந்தம் என்னவென்று அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். குமரேசன் கண்ணைத் திறந்து ரேவதியைப் பார்க்காமல் சொன்னார்.

"சரி. ஓசூர் மாமாவுக்கு ஃபோன் பண்ணிடு."

ரேவதி ஃபோன் பண்ணவில்லை. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பின்னால் ஒருபக்கமாக ஏறி உட்கார்ந்தாள். வலது கையை அவர் இடது இடுப்போரமாக முன்னால் விட்டு, அந்த மின்னுகிற இடத்தின் மேல் உள்ளங்கையை அப்படியே பதித்தாள்.

"இப்ப கண்ணுல அடிக்குதா?"

அவர் குனிந்து பார்த்தார். "இல்ல."

"அப்பறம் என்ன? எடுங்க வண்டிய."

நான் கத்தினேன். முதலில் ஷெட்டைச் சுற்றி ஒரு வட்டம் போடு, ரோட்டுக்கு அப்புறம் போகலாம் என்றேன். ஒரு வட்டம் போட்டார்கள். இன்னொன்றும் போடச் சொன்னேன், போட்டார்கள். கை அசையவில்லை, கண்ணும் மூடவில்லை. அதற்கு மேல் அவர்களை நிறுத்தி வைக்க எனக்குக் காரணம் இல்லை. ஓரமாகவே போங்கள் என்று கத்திக்கொண்டே ரோடு வரைக்கும் பின்னால் ஓடினேன்.

அவர்கள் திரும்பி வரும் வரை நான் பட்ட பாட்டை எழுத மாட்டேன். ஓசூர் ரோட்டில் ஹாரன் சத்தம் கேட்டால் எழுந்தேன், கேட்காவிட்டாலும் எழுந்தேன். பாய் பொரியை அள்ளி அள்ளி வாயில் போட்டுக்கொண்டிருந்தார், மெல்லவே இல்லை. பெயின்ட் விஷயத்தில் நான் செய்யக்கூடியது எதுவும் மிச்சமில்லை. காத்திருப்பதுதான் வேலை, அதிலும் நான் மோசம்.

வண்டிச் சத்தம் முதலில் வந்தது, பிறகு வண்டி. ரேவதியின் கை அங்கேயேதான் இருந்தது. குமரேசன் இறங்கி என்னைப் பார்த்துச் சிரித்தார். கண்கள் கலங்கியிருந்தன, ஆனால் அது வெயிலால் இல்லை. அவள் கையை எடுத்துக்கொண்டு விரல்களை உதறினாள், மரத்துப் போயிருந்தன போலிருக்கிறது.

மழைக்காலம் முடிந்ததும் கொண்டு வாருங்கள், முழுவதையும் புதிதாக அடித்துத் தருகிறேன் என்றேன். காசு பற்றிப் பேச்சே வேண்டாம் என்று பாயும் சொன்னார்.

"வேணாம்க்கா" என்றாள் ரேவதி.

பாய்க்குப் பொறுக்கவில்லை. "என்னம்மா வேணாம்? அவர் தனியா ஓட்டுறப்போ அந்த இடத்த யார் பொத்துவா?"

"தனியா எதுக்கு பாய் ஓட்டணும்?" என்றாள் ரேவதி.

அதற்குப் பிறகு எத்தனையோ தடவை அந்த வண்டி இந்த ஷெட்டுக்கு வந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் நான் கேட்பேன், ஒவ்வொரு தடவையும் வேண்டாம் என்பார்கள். அந்தக் கை பட்டுப் பட்டு அந்த இடம் இப்போது இன்னும் அதிகமாக மின்னுகிறது. கூர்ந்து பார்த்தால் விரல்கள் இருக்கும் பக்கமாகக் கொஞ்சம் நீண்டிருப்பதும் தெரியும். பெயின்டராக எனக்கு அது இன்றைக்கும் உறுத்துகிறது. ஆனால் நான் செய்த வேலைகளில் நான் தொடாமல் விட்டதுதான் இத்தனை வருஷம் நின்றிருக்கிறது.

எஞ்சின் வேலை முடிந்ததும் வண்டியை வெறும் தண்ணீரில் கழுவி, மெல்லிய துணியால் ஒற்றி எடுத்து வையுங்கள். வாட்டர் பேப்பர் அந்தப் பக்கமே போக வேண்டாம். சனிக்கிழமை இரண்டு பேரும் எடுத்துக்கொண்டு போக வருவார்கள். ரேவதி வந்ததும் வண்டியைப் பார்க்க மாட்டாள், உங்களைப் பார்க்க மாட்டாள், முதலில் அந்த இடத்தில்தான் கை வைப்பாள். அது அங்கே இருக்க வேண்டும்.